பத்தொன்பது

பன்சோடன் வீதி நடைபாதையில்
நீலப் பாலிதீன் விரிப்பு, நான்கு மூலைக்கும் கல்.
நடுவில் செத்த பணம்:
பதினைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, தொண்ணூறு.
கேமரா தொங்கும் கழுத்துகள் குனிந்து சிரிக்கின்றன.
ஊ ட்டுன் சேய்ன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி
ஒன்பதின் ராசியைக் கதையாக விற்கிறார்,
நோட்டு இனாம் மாதிரி.

எனக்குக் கதை வேண்டாம்.
ஐயொன்பது நாற்பத்தைந்து,
பத்தொன்பது தொண்ணூறு
என்று கத்தி வளர்ந்த வாய் இது.
தொண்ணூறு என்று சொன்னாலே
சொல்லுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருக்கும்.
நோட்டுக்குள் இருந்ததில்லை.
மீதிச் சில்லறைக்கு அரிசிக்காரி
புளிப்பு மிட்டாய் எண்ணிப் போடுவாள்.

"எழுபத்தைந்து வந்ததா?"
"போன மாதம்தானே எடுத்தாய். அதேதான் இதுவும்."
அதேதான். இருந்தாலும் கொடுங்கள்.

முகம் பார்ப்பதில்லை, எண் பார்ப்பதில்லை.
திருப்புகிறேன். வலது மூலை.
வெறும் மூலை.

ஐம்பத்தொன்றாம் தெரு, மூன்றாம் மாடி.
ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை
ரேடியோ ஏதோ சொன்னது.
அம்மா அடுப்பை அணைத்தாள், சோறு வேகவில்லை.
தையல் மெஷினுக்கென்று ஒன்றரை வருஷம் சேர்த்தது
பவுடர் டப்பாவில் இருந்தது, அத்தனையும் எழுபத்தைந்து.
அப்பா டப்பாவை எங்கள் முன் கவிழ்த்தார்.
"விளையாடுங்கள்."

அதுவரை எங்கள் கடையில் இலைதான் பணம்.
அன்றைக்கு நானும் தம்பி தவமணியும்
படிக்கட்டில் நிஜ நோட்டில் கடை வைத்தோம்.
சோடா மூடியை அப்பாவின் ஊதா மையில் தொட்டு
ஒவ்வொரு நோட்டின் பின்னாலும் குத்தினோம்:
கடை முத்திரை.
மாடிவீட்டு நீலார் ஒரு பொத்தானுக்கு
இருநூற்று இருபத்தைந்து கொடுத்தாள்.
பால்கனிக் கயிற்றுக் கிளிப்பில் மாட்டி
தெருவுக்குக் கூட இறக்கினோம் இரண்டு.
அத்தனை சந்தோஷம் எனக்குப் பிறகு வரவில்லை.
இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் அப்பா படியிறங்கி வந்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்கு வருகிறவர் மாதிரியே நின்று,
பாதாம் இலை ஒன்றை நீட்டினார்.
"கால் வீசை சர்க்கரை."
மணலைப் பொட்டலம் கட்டினான் தம்பி.
மீதி என்று ஆறு எழுபத்தைந்தை நான் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு எண்ணினார்.
இன்னொரு முறை எண்ணினார்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் மேலே போனார்.

அந்த ஆறும் எங்கே போயின?
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது பிஸ்கட் டின்னில் பத்தொன்பது இருக்கின்றன.
எதிலும் ஊதா இல்லை.
சேகரிப்பு என்று என் கணவர் சொல்கிறார்.
நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஊ ட்டுன் சேய்னிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன்.
சிவந்த பல்லோடு வெகுநேரம் சிரித்தார்.
"இதற்கா? மூடி ஒன்று கொண்டு வா,
நானே குத்தித் தருகிறேன். மை என் செலவு."

இன்றைக்குக் கைப்பையில் சோடா மூடி இருக்கிறது.
அவர் கேட்கவில்லை, நான் எடுக்கவில்லை.
"எவ்வளவு?"
"ஐயாயிரம்."
ஐயாயிரம் நோட்டு ஒன்றாகவே கொடுத்தேன்.
மீதி கிடையாது.
இருந்தும் கொஞ்சநேரம்
கை நீட்டியபடியே நின்றேன்.