நூற்று நாற்பதாம் கோடு

இரவு பதினொன்றுக்கு ஒன்று, விடிகாலை ஐந்துக்கு ஒன்று.
என் ஷிப்டில் புயலுக்கு இரண்டே அறிக்கைதான்.
மற்ற இரண்டும் நான் தூங்கும்போது வரும்.

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி,
ஸ்வெட்டர் போட்டு உட்காரும் குளிர்.
திரையில் பசிபிக்: ஒரு வெள்ளைச் சுருள்,
அதன் முன்னால் விசிறியாய் விரியும் ஐயம்,
விசிறியின் ஓரத்தில்
சிந்திய உளுந்துபோல் ஹவாய்.

கம்பெனி விதி சின்னது.
மேற்கு நூற்று நாற்பதைப் புயல் தாண்டிவிட்டால்
புதுக் காப்புறுதி கிடையாது.
மன்னிப்புக் கேட்கும் வாசகத்தைக்கூட
எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

பதினொன்றுக்கு நூற்று முப்பத்தெட்டு புள்ளி ஏழு.
மெதுவாகத்தான் நகர்கிறது,
ஜெலுத்தோங்கில் சைக்கிள் ஓட்டும் பையன்
முந்திவிடுவான்.

நாலு நாற்பதுக்கு ஒரு பெண்.
அங்கே இன்னும் சனிக்கிழமை.
பெயர் அகானா. என் காதில்
அக்கா என்றே விழுந்தது.
ஹீலோவுக்கு மேலே, தகரக் கூரை.
கூரை போட்ட வருஷம் கேட்டேன்.
யோசித்தாள். பின்னால் சுத்தியல் சத்தம்,
சத்தத்துக்குச் சத்தம் குரைக்கும் நாய்.
"அப்பா சாவதற்கு முன்னால்தான்... இரு,
தம்பியைக் கேட்கிறேன்."
நாலு ஐம்பத்திரண்டு.
தோராயமாகச் சொல்லுங்கள், போதும் என்றேன்.
அது விதியில் இல்லை.
பக்கத்து மேசை நோர்ஹஸ்லினா
மைலோவைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு
என் விரலையே பார்த்தாள்.
அனுப்பியபோது நாலு ஐம்பத்தொன்பது.

அறிக்கை வந்தது.
நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது.
கோட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் பாக்கி.
அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

திங்களன்று அது வடக்கே ஒதுங்கி
ஆளில்லாத நீரில் அவிழ்ந்துபோனது.
விசிறி மடங்கியது. மேலாளர் சிரித்தார்.
புதன்கிழமை அகானா அழைத்தாளாம்,
வேறொருவர் எடுத்தார்:
பாலிசி வேண்டாம், பணம் திரும்பி வருமா?
எனக்குக் கோபம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.

அன்று காலை கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கினால்
சுங்கை நிபோங்கில் முழங்கால் தண்ணீர்.
ஐந்து டிகிரி வடக்கில்
காற்றுக்குச் சுழலத் தெரியாது;
இங்கே கொட்டுகிற மழைக்கு
பெயர் வைக்கவும் ஆளில்லை.
சீட்டுவரை மூழ்கி நின்றது என் மோட்டார்.
பசியாறியாச்சா என்றார்
நாற்காலிகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்.

வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டவேண்டும்.
வருஷத்துக்கு முப்பது சொச்சம் ரிங்கிட்.
நான் கட்டியிருக்கவில்லை.
தள்ளிக்கொண்டே போனேன்,
புகைக்குழாயிலிருந்து ஒழுகிக்கொண்டே வந்தது.