ஆவுளியாவா, ஓங்கலா?

மோர்ப்பண்ணைக் கரையில்
வாடைக்காத்து கொண்டுவந்து போட்டது ஒரு சதைத்துண்டு.
தலை இல்லை, வால் இல்லை,
தோலும் பாதிதான்.
"ஆவுளியா" என்றேன் நான்.
"ஓங்கல்" என்றான் கருமலையான்.
பந்தயம்: கடலைமிட்டாய் அஞ்சு.
காக்கைகளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை,
அதுபாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தன.

மண்டபத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அக்கா வந்தார்.
மூக்கைப் பொத்தாமல் குனிந்தார்.
சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி
குப்பியில் போட்டு மூடினார்.
"இவ்வளவு போதுமா?"
"இதுவே அதிகம்."
போய்விட்டார்.

கருமலையான் விழுந்து விழுந்து சிரித்தான்:
"தலையே இல்லாததை
நகத்தளவில் கண்டுபிடிப்பாங்களாம்!"

டேய், கேள்.
நான் பாடப்புத்தகத்தில் கடைசிப் பாடத்தையும் படிக்கிறவள்.
அந்த நகத்தளவுக்குள்ளே
லட்சக்கணக்கில் செல்கள்,
கண்ணுக்கு அகப்படாத பொட்டுகள்.
பொட்டுக்குள்ளே இன்னொரு பொட்டு.
அதற்குள் சுருண்டு கிடக்கிறது நூல்,
உங்கப்பா முறுக்குகிற கயிறு மாதிரி
ரெண்டு புரி.
உன் ஒரே ஒரு செல்லில் உள்ளதை
அவிழ்த்து, முனையோடு முனை கோத்து நீட்டினால்
உன்னைவிட நீளம்.
ஆனாலும் சிக்கு விழாது,
நீ மடித்துவைக்கும் வலை மாதிரி இல்லை.

அதன் பேர் டி.என்.ஏ.
நூல் முழுக்க எழுத்து.
தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு,
நமக்கு எழுதிக் கை வலிக்கிறது.
இதற்கு நாலே நாலு:
ஏ, டி, ஜி, சி.
ஏ உட்கார்ந்தால் எதிரே டிதான்,
ஜி கை நீட்டினால் பிடிப்பது சிதான்.
ஒரு புரியில் எழுத்து அழிந்தால்
எதிர்ப்புரியைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்ளும்.
(நீ என் நோட்டைப் பார்த்து எழுதுகிறாயே, அப்படி.
ஆனால் அது தப்பில்லாமல் எழுதும்.
பெரும்பாலும்.)

அந்த நூலில் அங்கங்கே
அர்த்தமுள்ள ஒரு வாக்கியம்.
மரபணு என்றால் அதுதான்.
"கண்ணுக்குக் கறுப்பு பூசு" என்கிற மாதிரி ஒன்று.
"ரத்தமே, காற்றைச் சுமந்துபோ" என்கிற மாதிரி ஒன்று.
ஆவுளியாவுக்கு
மூஞ்சி முழுக்க முரட்டு மீசை வைக்கச் சொல்லி
எத்தனையோ.

என் முன்னுச்சியில் ஒரு கொத்து வெள்ளை முடி.
"நரைச்ச குட்டி" என்று பேர் வைத்ததே நீதான்.
அப்பாவுக்கும் அதே இடத்தில் வெள்ளை,
சண்முகக்கனி அத்தைக்கும்.
ஒரு எழுத்து பிசகினால் போதும்,
சாயம் அந்த ஓரத்துக்குப் போய்ச் சேராது.
அப்பாவிடம் அந்த வாக்கியம் ரெண்டு பிரதி,
ஒன்று பிசகு, ஒன்று சரி.
பிள்ளைக்குத் தருவது ஒன்றைத்தான்,
பூவா தலையா.
எனக்குப் பூ விழுந்தது.
தம்பிக்குத் தலை,
முழுக்கக் கறுப்பு.
அவன் அதற்கு ஒருநாள் அழுதான்,
தனக்கும் வெள்ளை வேணுமாம்.

மறுபாதி அம்மா தந்தது.
அப்பாவிடமிருந்து இருபத்துமூன்று சுருள்,
அம்மாவிடமிருந்து இருபத்துமூன்று.
யாரும் கூடக் கொடுத்ததாகச்
சண்டை போட முடியாது.

எல்லாம் எழுத்து இல்லை.
நான் நீந்துவது எந்த வாக்கியத்திலும் இல்லை.
அது தொண்டையில் இறங்கின உப்புத்தண்ணி,
ஏழு தரம் முங்கி
எட்டாம் தரம் மிதந்தது.

ஒன்றரை மாசம் கழித்து
தலைமையாசிரியர் போனுக்குச் சேதி வந்தது.
குப்பியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து,
ஏற்கெனவே வாசித்துவைத்த ஏடுகளோடு
வரி வரியாய் ஒப்பிட்டார்களாம்.

ஓங்கல்.

எண்ணிக் கொடுத்தேன், அஞ்சும்.
மூன்றை ஒரே வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்:
"அப்போ ஓங்கலுக்குள்ள இருக்குற வாக்கியம்
எனக்குள்ளயும் இருக்குமா?"
"நிறைய. கொஞ்சம் கொஞ்சம் எழுத்து மாறி."
மென்றுகொண்டே கடலைப் பார்த்தான்,
ரொம்ப நேரம்.

"அதான் நான் உன்னைவிட நல்லா நீந்துறேன்."

இவனுக்கு மறுபடி
முதலிலிருந்து சொல்லணும்.