பிசகு

சவுத் பிராங்ஸ். ஆகஸ்ட் இரவு.
கடைசி நடை முடித்து
காலிப் பேருந்தை டிப்போவுக்கு ஓட்டிப் போகிறான்
கிளியோஃபஸ்.

எரிந்த கட்டடங்களுக்கு நடுவே பூங்கா.
விளக்குக் கம்பத்தின் வயிற்றைக் கிழித்து
மின்சாரம் எடுத்திருக்கிறார்கள்.
மேசைமேல் இரண்டு இசைத்தட்டு,
இரண்டிலும் ஒரே பாட்டு.

பாட்டுகூட இல்லை,
பாடகி மூச்சு வாங்கும் இடம்.
டிரம்ஸ் மட்டும். எட்டு நொடி.
தீர்வதற்குள் எஃப்ரெயின் என்கிற பையன்
அடுத்த தட்டைத் தள்ளிவிடுகிறான்.
மறுபடி எட்டு. மறுபடி.

பிரேக்கை மிதிக்கிறான் கிளியோஃபஸ்.
அது அவன் கை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
ஒரு மத்தியான வேலை, முப்பத்தைந்து டாலர்,
உறையில் பேர்கூடப் போடவில்லை.
மூன்றாம் அடியில்
வியர்வைக்குக் குச்சி வழுக்கியது.
இன்னொரு தரம் வாசிக்கிறேன் என்று கெஞ்சினான்.
யார் கேட்கப் போகிறார்கள், போ என்றார்கள்.

சரியாக அந்த வழுக்கலில்தான்
அட்டை விரித்துச் சுழலும் சிறுமி
காலை மடக்குகிறாள்,
மைக் பிடித்தவன் சொல்லை இறக்குகிறான்,
தெருவே தோளைக் குலுக்குகிறது.

கதவு திறந்தபடி,
படியில் உட்கார்ந்து எண்ணினான்.
நாற்பத்தொரு தப்பு.
அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது.

முழங்காலில் தட்டிப் பார்த்தான்.
எத்தனை முறை தட்டியும்
சரியாகவே விழுந்து தொலைத்தது.