தறி நின்றபோது கேட்டது

முப்பத்தொரு நாள் தறி ஓடவில்லை.
சோமனூரில் அப்படியொரு அமைதி
எங்கள் தெருவுக்குத் தொளதொளவென்று இருந்தது,
யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்ட மாதிரி.
கூலி கூட்டித் தரும்வரை நாடா அசையாது என்று
மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு
சென்னியப்பன் சங்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

நான் பொடக்காலியில்
வேப்பங்கட்டை மேல் செப்புத் தகட்டை வைத்து
ஒரு அடி அடித்தேன்.
ஐயோ, என்ன சத்தம்!

மூன்று வருசமாக அடிக்கிறேன்.
எட்டுத் தறியின் இரைச்சலுக்குள்
என் சுத்தியல் வாடகை தராமல் குடியிருந்தது.
இன்று ஒரே அடியில் ஊருக்கே தெரிந்துவிட்டது.
பாவு பிணைக்கிற மல்லேஸ்வரி மதில் மேல் எட்டிப் பார்த்து,
"ஏனுங்க்கா, பாத்திரக்கடை வெக்கறீங்களா?"

தட்டு, என்றேன். வெற்றிலைத் தட்டு.
ஓரமெல்லாம் கம்பங்கதிர்.
கதிர் முடிகிற இடத்தில்தான் எப்போதும் கிழியும்.
டவுன்ஹால் கடைக்காரர் தகட்டில் எதையோ கலக்கிறார் என்று
பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் திட்டியிருக்கிறேன்.

நாலாம் நாள் கேட்டது.
புதிதாகச் சுட்டெடுத்த தகடு
ஈரச் சாக்கில் விழுந்த தேங்காயாய்த் தொப்பென்றது.
அடிக்க அடிக்கத் தொண்டை திறந்தது.
நாற்பது, ஐம்பது...
குரல் மெலிந்து, ஏறி,
கணீர்.

அவ்வளவுதான்.
அதுதான் செம்பு சொல்கிற போதும்.
அதற்கு மேல் ஒரு அடி விழுந்தால் கிழியும்.
மூன்று வருசமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
கடைக்காரரே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கணீர் கேட்டதும் நெருப்பில் காட்டுவேன்.
முதலில் மயில் கழுத்து, அப்புறம் இருட்டு,
அப்புறம் செவ்வரளி மொட்டு.
அந்த மொட்டிலேயே தண்ணீருக்குள் விட வேண்டும்.
கருத்த தோலைப் புளிக்கரைசல் உரித்துவிடும்.
மறுபடி தொப். மறுபடி பிள்ளை மாதிரி வளையும்.

மிச்சத் துண்டெல்லாம் தோடு, புளியம்பூ அளவில்.
காது பச்சையாகிறது என்று
கருமத்தம்பட்டியிலிருந்து ஆறு ஜோடி திரும்பி வந்தன.
என்ன செய்ய?
பொன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு இருக்காது இது,
வியர்வை பட்டால் பதில் பேசும்.
என் மணிக்கட்டிலும் வளையல் போட்ட தடம்
பழைய ரத்தக்கட்டு போலப் பச்சை.
ரேசன் கடையில் பில் போடுகிற பையன் அதைப் பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்தி,
"ஊட்டுக்காரரு அடிக்கறாருங்ளா?"
"நாந்தான் சாமி அடிக்கறேன்."
சர்க்கரையை ஒரு கை கூடவே போட்டான்.

இருபதாம் நாள் ராத்திரி
கொட்டகையிலிருந்து வந்த சென்னியப்பன்
கட்டைக்கு எதிரே குத்தவைத்தார்.
முப்பது வருசம் தறிக்கு நடுவில் நின்ற காது.
பேச்சே பாதிதான் விழும்.
பேச்சுவார்த்தை என்னாச்சு என்று நான் கேட்டதும் விழவில்லை,
அல்லது விழுந்தது.
தகட்டின் ஓரத்துக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்தார்.
நான் அடித்தேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
"இப்பப் போதும்" என்றார்,
எனக்குக் கணீர் கேட்பதற்கு
ஒரு அடி முன்னால்.

இரண்டு பேரும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அந்தத் தட்டு சிலிண்டருக்குப் போனது.
அடுத்தது பள்ளிக்கூட வேன் பாக்கிக்கு.

கேட்ட கூலியில் பாதிக்குக் கையெழுத்தானது.
முப்பத்திரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு
தெருவின் தறியெல்லாம் ஒன்றாகக் கிளம்பின.
மல்லேஸ்வரி மதிலுக்கு அந்தப் பக்கம் வாயசைத்தாள்,
என்ன சொன்னாளோ.
என் சுத்தியல் மறுபடி காணாமல் போயிற்று.

இப்போது இடது கைச் சுண்டுவிரலை
ஓரத்துக்கு அடியில் கொடுத்துத்தான் அடிக்கிறேன்.
இதுவரை இரண்டு தரம் நசுங்கிவிட்டது.
தட்டு கிழியவில்லை.