இருபது வருட உத்தரவாதம்

கெண்டக்கிக் கரையில், ஒஹாயோ ஆறு வளைகிற இடத்தில்
நான்கு மாடிச் செங்கல் கட்டடம்.
நாங்கள் நேரம் செய்யவில்லை.
நேரத்துக்குக் கூடு செய்தோம்.

இயந்திரம் மாசசூசெட்ஸிலிருந்து
தகர டப்பியில் அம்மணமாகக் கடைக்குப் போகும்.
கூடு எங்களிடமிருந்து போகும்.
கடைக்காரனின் மேஜையில் கல்யாணம்:
இரண்டு திருகாணி, முடிந்தது.
வசதி வந்தவன் வேறு கூடு கேட்பான்.
அடகு வைத்தவனுக்கு நிக்கல் கூடு போதும்.
கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையை
அமெரிக்காவில் நகைக்கடைக்காரர்கள் செய்தார்கள்,
ஒன்றரை டாலர் கூலிக்கு.

நான் ஓட்டிலியே ஷ்ராம்.
இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத பக்கம்.
உத்தரவாதக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள்.

நடுவில் பித்தளை, இருபுறமும் பொன் தகடு.
உருளையில் கொடுத்து நசுக்கினால்
மூன்றும் ஒன்றென்று சத்தியம் செய்யும்.
பொன் மெல்லிசென்றால் பத்து வருடம்,
கனமென்றால் இருபது;
மூடியின் உள்பக்கம் பொறித்திருக்கும்.
வருடத்தை யார் அளந்தது என்று
என் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

நெப்ராஸ்காவிலிருந்து ஒரு ரயில் பிரேக்மேன்:
"பதினோரு வருடம்தான் ஆகிறது, அம்மணி.
கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில்
மஞ்சள் வேறு மஞ்சளாகிவிட்டது."

அயோவாவிலிருந்து ஒரு பன்றிப் பண்ணைக்காரர்:
"என் வியர்வையைக் குறை சொல்லாதீர்கள்.
என் அப்பாவின் வியர்வையும் இதே உப்புதான்."

டென்னசியிலிருந்து திருமதி அரோரா பிக்ஸ்பி:
"அவர் ஒன்பதாம் வருடம் இறந்துவிட்டார்.
மீதிப் பதினோரு வருடம்
எனக்கு வருமா?"

அச்சடித்த பதில்கள் ஆறு இருந்தன.
ஆறிலும் இதற்குப் பதில் இல்லை.
இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்தது.
நான்காம் வாரம் என் கையெழுத்தில் எழுதினேன்:
வரும்.

உருளை அறையின் லோரன்ஸ் டுஃபெக்
மாடிப்படியில் சிகரெட் பற்றவைத்தபடி சொன்னான்:
"புது முதலாளி பெல்க்னாப்
திருகை ஒரு மயிரளவு நகர்த்தச் சொன்னார்."
பொன் குறைந்தது.
இருபது என்ற எழுத்து
முன்னைவிட அழகாக விழுந்தது.
எனக்கு வாரத்துக்கு எட்டு டாலர் சம்பளம்.
கேட்டுக்கொண்டேன். கீழே இறங்கிப் போனேன்.

பிறகு பிரான்சுக்குப் போன பையன்கள்
மணிக்கட்டில் நேரத்தைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.
பிறகு வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது:
இனி வருடக் கணக்குப் பொறிக்காதே.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
விசில் ஊதவில்லை.

மூடிய வாரம்
சுத்திகரிப்பு ஆட்கள் வண்டியோடு வந்தார்கள்.
மெருகு அறையின் தரைப்பலகைகளைப் பெயர்த்து எரித்தார்கள்.
ஏப்ரன்களை எரித்தார்கள்.
புகைபோக்கியைச் சுரண்டினார்கள்.
கைகழுவும் தொட்டியின் சேற்றையும் வாளியில் அள்ளினார்கள்.
முப்பது வருடச் சேதாரம்
சாம்பலிலிருந்து பொன்னாக எழுந்து
பெல்க்னாப் வீட்டின் கடனை அடைத்தது.
ஏப்ரனுக்கு மட்டும்
எங்கள் கடைசிச் சம்பளத்தில் எழுபது சென்ட் பிடித்தார்கள்.

முப்பத்துநாலில் பொன் விலை ஏறியது.
சின்சினாட்டி அடகுக் கடையில் பார்த்தேன்:
திடப்பொன் கூடுகளையெல்லாம் நசுக்கி, உருக்க எடுத்து வைத்திருந்தார்கள்.
சுருட்டுப் பெட்டி நிறைய
கூடிழந்த இயந்திரங்கள்.
சாவி கொடுத்த ஒன்றிரண்டு
இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் சரக்கு கண்ணாடிக்குப் பின்னால் முழுசாக இருந்தது.
"இதை உருக்கினால் அடுப்புக்கரிக் காசும் தேறாது"
என்றான் கடைக்காரன்.
அந்த மயிரளவுத் திருட்டு
அவற்றின் உயிரைக் காத்திருந்தது.
சிரிப்பு வந்தது. சரியான சிரிப்பா என்று தெரியவில்லை.

அஞ்சல்காரர் இப்போதும்
கம்பெனி பெயரிட்ட கடிதங்களை
என் வீட்டில் போடுகிறார்; வேறெங்கே போடுவார்?
நேற்று டென்னசியிலிருந்து ஒன்று.
நடுங்கிய எழுத்து, அரோரா பிக்ஸ்பி:
"இன்றோடு இருபது முடிகிறது.
கீல் பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது.
நான் எதுவும் கேட்கவில்லை.
வாக்குத் தந்தீர்களே என்று
கணக்குச் சொல்ல எழுதினேன்."

தலைப்பில்லாத தாளை எடுத்து வைத்தேன்.
பேனாவில் மை இருக்கிறது.