விடு

வாதி கபீரில் வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்.
கட்டிடத்தின் பின்னால், நீலத் தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்தில்
வண்டியை நிறுத்தி
முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கல் வைத்தேன்.
ஏழு காற்றுப்பை, நாலு சென்சார், பேசும் திரை.
ஆனாலும் நகராமல் இருக்க
எதிர்மலையிலிருந்து உருண்டு வந்த கல் வேண்டியிருக்கிறது.

மங்கை சாவியோடு இறங்கி வந்தாள்.
நான் கூப்பிடவில்லை.
இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டுமென்று
அவளுக்கே தெரியும்.
செவ்வாயிலிருந்து நாங்கள் பேசவில்லை.

கராஜில் முப்பத்தெட்டு ரியால் கேட்டார்கள்.
பேடு மட்டும் வாங்கினால் பதினொன்று.
மிச்சம் இருபத்தேழு என்று நான் வாய்திறந்தால்
பேச்சு நேராக நானூறில் போய் நிற்கும்:
அவளிடம் சொல்லாமல்
அண்ணனுக்கு அனுப்பிய நானூறு.

கீழ்வீட்டு குல்ஃபராஸ் ஸ்கேனரைக் கொடுத்தபோது
கூடவே ஒரு வாக்கியமும் கொடுத்தார்:
பஹலே போலோ, ஃபிர் கோலோ.
முதலில் சொல்லு, பிறகு திற.
அவருடைய பட்டறையில் ஒரு பையன்
வண்டியிடம் சொல்லாமல் கிளாம்ப் போட்டு நெருக்க,
காலிப்பருக்குள் இருந்த பல்சக்கரம் பொடிந்துபோனதாம்.
எழுபத்தைந்து ரியால். அவன் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பின்பிரேக், பராமரிப்பு நிலை, ஆம், ஆம்.
பின்சக்கரம் இரண்டிலும் ஒரு சின்ன மோட்டார் முனகியது,
தொட்டதும் நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல
தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.
கைப்பிடி இழுக்கும் பழைய வண்டியில்
இந்தச் சத்தம் கிடையாது.
அங்கே கம்பிதான். இழுத்தால் இழுபடும்.

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்.
கீழ்போல்ட் வந்தது, மேல்போல்ட் அடம்பிடித்து வந்தது.
காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது;
அவள் சேலை மாட்டும் ஹேங்கரை வளைத்து
ஸ்பிரிங்கில் கட்டினேன்.
ஹேங்கரை அடையாளம் கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பேடுகள் கையில் சுட்டன.
வெளிப்பக்கம் இன்னும் நாலு மில்லிமீட்டர்,
உள்பக்கம் இரும்பே தெரிந்தது.
வெளியிலிருந்து பார்த்து
நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பிஸ்டனை மெதுவாக, மிக மெதுவாக நெருக்கினேன்.
திறந்த பானெட்டின் அருகிலிருந்து
"ஏறுது" என்றாள்.
மூன்று நாளில் முதல் சொல்.
"எவ்வளவு?"
"கோட்டுக்கு வந்துடுச்சு. நிறுத்து."
நிறுத்தினேன்.

மறுபக்கமும் முடிந்தபோது ஏழு மணி.
மலை சூடாகத் தொடங்கியிருந்தது.
சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"அழுத்து."
"கீழே போயிடுது. காலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல."
"அப்படித்தான் இருக்கும். இன்னும்."
"இன்னும்?"
"இன்னும்."
ஆறாவது மிதியில் "இப்ப பிடிக்குது" என்றாள்.
"சரி, விடு."

காலை எடுக்கவில்லை.
செவ்வாய் இரவு
போனில் வங்கிச் செய்தியைக் காட்டி ஏன் என்று கேட்டபோது
நான் சொன்னதும் இதே ஒரு சொல்தான்.
"எதை?" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து.
பிறகு குல்ஃபராஸின் குரலில்,
அவர் தாடியைத் தடவுவதுபோலவே தடவி:
"பஹலே போலோ."

கிரீஸ் கையோடு டயர்மேல் உட்கார்ந்தேன்.
அண்ணன் கடைக்கு வந்த நோட்டீஸைச் சொன்னேன்.
அடுத்த மாதம் இன்னொரு நூறு
அனுப்புவதாக ஒப்புக்கொண்டதையும்,
அவளுக்கு இதுவரை தெரியாததை,
சொன்னேன்.

வெகுநேரம் கழித்து அவளே திரையைத் தொட்டாள்.
மோட்டார் முனகியது.
பின்சக்கரங்கள் புதிய பேடுகளைக் கவ்விக்கொண்டன.

"கல்லை எடுத்துடட்டுமா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."