கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்.
என் மடியில் வினாத்தாள் கட்டு:
'கவிதையில் சொல்லப்படாத எதைக் கண்டீர்கள்?'
கீழே நான்கு கோடு.
ஆய்வுக்கு இன்னும் முப்பத்தேழு பேர் வேண்டும்.

"கூட்ஸு. இருபது நிமிசம் ஆவும்."
எத்திராஜ் எஞ்சினை அணைத்தார்.
சரி, இவர்களிடமே ஆகட்டும் என்று
தெஹ்ரானில் ஒருத்தி போன வருஷம் எழுதியதை
எனக்கு வந்த தமிழில் படித்தேன்:

மேசைமேல் இரண்டு கோப்பை.
ஒன்றில் ஆவி இன்னும் அடங்கவில்லை.
திரைச்சீலை உள்பக்கமாக உப்புகிறது.
எடுத்த சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் போடுகிறேன்.

"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.

"கதவு தொறந்து கெடக்குது" என்றாள் லூர்துமேரி,
இறால் கூடையைக் காலால் உள்ளே தள்ளியபடி.
கதவு என்ற சொல்லே அதில் இல்லை.
"பின்ன காத்து எப்டி இழுக்கும்?
இட்டுனு போயிருக்கானுங்க.
செருப்பு மாட்டக்கூட வுடல."

ஆயில் கம்பெனிச் சட்டைக்காரர் கேட்டார்:
"போனது ஆம்பளயா, பொம்பளயா?"

ஐந்தாவதாய் ஒரு வரி உண்டு. நான்தான் விட்டுவிட்டேன்.
பாரசீகத்தில் 'ஊ' என்றால் போதும்,
அவனும் அதுதான், அவளும் அதுதான்.
தமிழில் வினைமுற்று வாயைத் திறந்தால்
ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குள் ரயில்.
கரிய டேங்கர்கள், ஒன்றன்பின் ஒன்று,
நடுவில் கையகல வெளிச்சம்.
அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது.
ஒரு டேங்கர். தோள்.
இன்னொன்று. சாய்ந்த தலை.
இன்னொன்று. மூச்சு வாங்குவதுகூடப் பார்த்தேன்,
வெகுநேரமாகக் காத்திருக்கும் ஆளின் மூச்சு.

கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஹாரன்.
எதிரே மீன்பாடி வண்டி ஒன்று,
அதில் நிறுத்திவைத்த கோரைப்பாய்ச் சுருள்,
உச்சியில் எவனோ கவிழ்த்த ஹெல்மெட்.
எத்திராஜ் என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.
அவரும் பார்த்திருக்கிறார்.

தண்டையார்பேட்டையில் இறங்கும்போது
லூர்துமேரி தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.
வயதுக் கட்டத்தில் இறால் தண்ணீர்.
நான்கு கோடும் காலி.
ஓரத்தில், எப்போது வரைந்தாளோ,
ஒரு ஜோடி செருப்பு,
ஒன்று மட்டும் குப்புற.

மூன்று வருஷமாக அந்தக் கவிதை என் பையில் இருக்கிறது.
அந்த அறையின் தரையை
நான் குனிந்து பார்த்ததே இல்லை.